நாலு பேரில் மூன்றாவது ஆள்

கேன்டீன் வாசலில் நோட்டும் பேனாவுமாக முக்கால் மணி நேரம் நின்றவளிடம், பின்னாலிருந்து ஒரு பையன், “க்யூல நிக்கிறீங்களா?” என்று கேட்டான். இல்லை, நான் கல்லூரிப் பத்திரிகையிலிருந்து வருகிறேன், உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் பதினோரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். “உம்” என்று வந்தது. பையன் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “இங்க க்யூ எது, சும்மா நிக்கிறவங்க யாருன்னே தெரியல” என்று தன் நண்பனிடம் முணுமுணுத்தான். அப்புறம் என்ன செய்வது? வரிசை நகர நகர அவளும் நகர்ந்து, கவுன்டருக்கு வந்து, தனக்கு வேண்டவே வேண்டாத ஒரு டீயை வாங்கி, மூலையில் நின்று நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தாள்.

வகுப்பில் அவளுக்கு உம்கொட்டி என்று பெயர். வைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பேனா இருக்கா என்றால் உம், நாளைக்கு டெஸ்டா என்றால் உம், சினிமாவுக்கு வர்றியா என்றாலும் உம். வர மாட்டாள். அதில் எது ஆமாம், எது இல்லை என்பதைக் கேட்டவர்கள்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். இத்தனைக்கும் அவள் அம்மாவுக்கு பஸ் நிலையத்தில் விசாரணை கவுன்டரில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாக முன்பின் தெரியாத ஜனங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். “ஊர்ல இருக்கறவன்லாம் என்கிட்ட ஆயிரம் கேள்வி கேக்கறான். என் வயித்துல பொறந்தது ஒரு கேள்வி கேக்க மாட்டேங்குது” என்று அலுத்துக்கொள்வாள். மகள் அதற்கும் உம் கொட்டுவாள்.

கல்லூரியில் எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி. நாடகக் குழுவில் பேச வேண்டும். விவாதக் குழுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பந்து விளையாட்டில்கூட ‘பாஸ் பண்ணு’ என்றாவது கத்த வேண்டும். மிச்சமிருந்தது பத்திரிகை. அறைக்குள் உட்கார்ந்து தலை குனிந்து எழுதுகிறவர்கள்தான் பத்திரிகைக்காரர்கள் என்று நினைத்து, நிம்மதியாகப் பேர் கொடுத்தாள். இப்படி ஏமாந்தவர்கள் அவளுக்கு முன்னாலும் நிறைய உண்டு.

பத்திரிகை அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்த இடம். கூரை சரிந்து வருவதால் ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறு பக்கம் குனிந்தே நடக்க வேண்டும். பழைய கால்பந்துகளின் தோல் வாடை சுவரில் ஊறிப் போயிருந்தது. இரண்டு கணினிகளில் ஒன்று வேலை செய்யும், மற்றது சத்தம் மட்டும் போடும். அங்கே ஆட்சி செய்தவள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி. யார் எதை எழுதிக் கொண்டுவந்தாலும் பாதியாக வெட்டிவிடுவாள் என்பதால் கத்தரி என்று பெயர் வாங்கியவள். வந்த முதல் நாளே உம்கொட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும் அந்த நாலு பக்கப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை அவளிடம் கொடுத்தாள். அங்கே ‘நாலு பேர் சொல்றாங்க’ என்று ஒரு பகுதி. ஒரு கேள்வி, நாலு மாணவர்களின் பதில். பேர் கிடையாது, கீழே எந்த ஆண்டு, எந்தத் துறை என்று மட்டும் வரும். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து பயந்தே வளர்ந்த பெண்ணிடம், போய் நாலு பேரைப் பிடித்துக்கொண்டு வா என்றால் எப்படி இருக்கும்?

டீ குடித்து முடித்த அன்று அவள் பத்திரிகை அறைக்குப் போகவில்லை. நூலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். ‘கேன்டீனில் என்ன மாற வேண்டும்?’ என்பது கேள்வி. பின்னால் நின்ற பையன் முணுமுணுத்ததை முதலில் எழுதினாள். அது ஒன்றுதான் நிஜம். இரண்டாவது ஆளை உண்டாக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது ஆள் சீக்கிரம் வந்தார். நாலாவது ஆள் தானாகவே பேசினார், அவள் எழுதிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் கத்தரி அதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தைகூட வெட்டாமல் வைத்தாள். “இவங்களயெல்லாம் எங்கடி புடிச்ச?”

“உம்.”

“வாயத் தொறக்காதவகிட்டதான் எல்லாரும் மனசத் தொறக்கறாங்க போல. நல்லா கேட்டிருக்க. அடுத்த தடவையும் நீயே பாத்துக்கோ.”

வெட்கமாக இருந்ததா என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லை. சந்தோஷமாக இருந்தது. பதினெட்டு வயது வரைக்கும் அவளுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு ஒரு வாசல் கிடைத்த சந்தோஷம். கோபக்காரன், குறும்புக்காரி, எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும் ஒரு வேதியியல் மாணவன் என்று எத்தனை பேர் வந்தார்கள்! அடுத்தடுத்த இதழ்களில் எல்லோரும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள். கேன்டீனில் பக்கத்து மேசைக்காரர்கள் சத்தமாகப் படித்துச் சிரிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டே அவள் குனிந்து சாப்பிடுவது போல் நடிப்பாள். மாட்டிக்கொள்ளாமலிருக்க, எந்த இதழில் எந்தத் துறையைப் போட்டோம் என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தாள். கெட்டிக்காரி என்றுதான் தன்னை நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது இதழில் கேள்வி: ‘கல்லூரியில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?’ முதல் இரண்டையும் நாலாவதையும் சுலபமாக முடித்துவிட்டாள். மூன்றாவது இடம் மட்டும் காலியாக இருந்தது. யாரும் வரவில்லை. யாரும் வராதபோது அவளே வந்துவிட்டாள்.

“மாடிப்படியோட கடைசி திருப்பம். மொட்டை மாடிக் கதவு பூட்டியே இருக்கும், அதனால யாரும் வர மாட்டாங்க. மத்தியானம் முக்கால்வாசி நாள் அங்கதான் இருப்பேன். கூட்டத்துக்கு நடுவுல தனியா சாப்பிடறதவிட, தனியா இருந்து தனியா சாப்பிடறது சுலபம். நாலு மாசம் ஆச்சு. ஒரு நாள் நான் வரலன்னா கண்டுபிடிக்க ஆள் இல்ல.”

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ‘முதலாம் ஆண்டு, கணிதம்’ என்று போட முடியுமா? பட்டியலைப் பார்த்தாள். இன்னும் போடாத துறை ஒன்றே ஒன்று இருந்தது. ‘முதலாம் ஆண்டு, ஜாக்ரபி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அறை வாசலில் வாசகர் கடிதங்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு. அதில் வழக்கமாக மிட்டாய்த் தாள்தான் விழும். அந்த வாரம் பத்தொன்பது சீட்டுகள் விழுந்தன. ‘ஜாக்ரபி ஃபர்ஸ்ட் இயர், நாளைக்கு எங்களோட வந்து உக்காரு.’ ‘நானும் போன வருஷம் இப்படித்தான் இருந்தேன், சரியாயிடும்.’ ‘எங்க மேசைல எப்பவும் ஒரு நாற்காலி காலி.’ கத்தரி ஒவ்வொன்றாகப் படித்து மேசையில் அடுக்கினாள். உம்கொட்டி கை கழுவப் போவதாகப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பத்தொன்பது பேர்! ஒருவருக்கும் பதில் சொல்ல முடியாது, ஒரு நாற்காலியிலும் போய் உட்கார முடியாது. இருந்தாலும் அந்த வாரம் முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அடர்நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் குனிந்து அறைக்குள் வந்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். கோட்டின் முதுகில் ஏதோ பார்சல் கம்பெனியின் முத்திரை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கையிலிருந்த பத்திரிகையைக் கத்தரியின் முன்னால் வைத்து, மூன்றாவது பதிலின் மேல் விரலை ஊன்றினாள்.

“நான் இத யார்கிட்டயும் சொல்லல.”

“நீங்க சொன்னதா நாங்க போடலயே” என்றாள் கத்தரி.

“ஜாக்ரபி ஃபர்ஸ்ட் இயர்ல முப்பத்தோரு பேருங்க. முப்பது பேரு கேன்டீன்ல ஒண்ணா சாப்பிடறாங்க. மேற்கு கட்டடத்துப் படில உக்கார்றது நான் ஒருத்திதான். அப்ப வேற யாரச் சொன்னீங்க?”

அந்தக் கல்லூரியில் மூன்று கட்டடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடிப்படி, ஒவ்வொரு படியின் உச்சியிலும் பூட்டிய ஒரு கதவு. உம்கொட்டி உட்காருவது கிழக்குக் கட்டடத்தில். இன்னொரு படியில் இன்னொருத்தி இருக்கக்கூடும் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. தனிமையில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு கர்வம் உண்டு. அவள் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

அந்தப் பெண் உட்காராமலே சொன்னாள். விடியற்காலை நாலிலிருந்து எட்டரைவரை பார்சல் கிடங்கில் பிரித்து அடுக்கும் வேலை. அங்கிருந்து நேரே கல்லூரி. மத்தியான இடைவேளையில் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரம் சுவரில் சாய்ந்து தூங்குவாள். “அந்த அரை மணி நேரத்துலதாங்க என் படிப்பு ஓடிட்டிருந்துச்சு. இப்ப தினமும் ரெண்டு பேரு வந்து எனக்குத் துணைக்கு உக்கார்றாங்க. முறை போட்டு வர்றாங்க. ஒருத்தன் கிடார் தூக்கிட்டு வர்றான். பாவம், நல்ல பிள்ளைங்க, திட்டவும் மனசு வரல. போன வாரம் மேப் கிளாஸ்ல உக்காந்தபடியே தூங்கி, மைக்கூட்டத் தட்டி விட்டுட்டேன். நான் மனசொடஞ்சு போயிருக்கேன்னு மேடம் எங்க வீட்டுக்கு லெட்டர் போட்டுட்டாங்க. இந்தப் பேப்பரையும் சேத்து வெச்சு.”

“வீட்ல என்ன சொன்னாங்க?” என்றாள் கத்தரி.

“கைல வேல இருக்கு, இந்த வயசுல படிப்பு எதுக்குன்னு எங்கம்மாவுக்கு மொதல்லருந்தே இஷ்டமில்ல. இப்ப, யாருமில்லாத எடத்துல போய் அழுதுட்டுக் கெடக்கறதுக்கா காலேஜு, இந்த மாசத்தோட நின்னுடுன்றாங்க. நான் அழலம்மான்னா நம்ப மாட்டேங்கறாங்க. அவங்களுக்கு அச்சுல வந்தா வந்ததுதான்.”

கத்தரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பத்திரிகையை விட்டுக்கொடுக்காத பெண் அவள். “எங்க ரிப்போர்ட்டர் நேர்ல கேட்டுத்தான் எழுதுவா. உங்க கிளாஸ்ல வேற யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு நாங்க வெளிய சொல்லக் கூடாது, அது எங்க வழக்கம்.” திரும்பிப் பார்த்தாள். “ஏண்டி, நேர்ல கேட்டுத்தான எழுதின?”

“உம்” என்றாள் உம்கொட்டி.

அதுவரை அவள் கொட்டிய உம்களில் கோழைத்தனம் இருந்தது, சோம்பல் இருந்தது, பொய் இருந்ததில்லை. இது பொய். சொன்னவளுக்கே அது காதில் வேறு மாதிரிக் கேட்டது.

நீலக் கோட்டுக்காரி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. “அந்தப் பொண்ணப் பாத்தா சொல்லு. அதோட கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அது பேரில்லாம பேசினதுல என் படிப்பு போகுதுன்னு சொல்லு.” மறுபடி குனிந்து வெளியே போய்விட்டாள்.

“சபாஷ்” என்றாள் கத்தரி, கதவு மூடியதும். “அவ்வளவு பேசியும் சொன்னவங்கள நீ காட்டிக் குடுக்கல பாரு. பத்திரிகைக்காரின்னா இப்படித்தான் இருக்கணும்.” வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அம்மா காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். “அம்மா, நீ யாருக்காவது தப்பா பஸ் சொல்லியிருக்கியா?” என்று உம்கொட்டி கேட்டாள். மகள் தானாக ஒரு கேள்வி கேட்ட அதிசயத்தில் அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

“ஏன் சொல்லாம? ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குச் சொல்றேன், நாலு தப்பாத்தான் போகும்.”

“அப்ப என்ன பண்ணுவ?”

“என்ன பண்றது? எறங்கி வேற பஸ் புடிச்சிக்குவாங்க. அடுத்த ஆளு நிக்கிறான்ல?”

அம்மா சொன்னது அம்மாவின் வேலைக்குச் சரிதான். ஆனால் அந்தப் பார்சல் அக்காவுக்கு வேறு பஸ் எங்கே இருக்கிறது? உம்கொட்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் பத்திரிகை போய்விடும். அந்தத் தோல் வாடை அறையும், கத்தரியின் ‘நல்லா கேட்டிருக்க’வும், கடைசிப் பக்கமும் எல்லாம் போய்விடும். திரும்பவும் அவள் வெறும் உம்கொட்டி. சொல்லாவிட்டால் இன்னொருத்தியின் படிப்பு போகும். எது பெரிதென்று தெரியாமல் இல்லை. தெரிந்தும் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் மேற்குக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறினாள். கடைசித் திருப்பத்தில் பார்சல் அக்கா நடுவில் உட்கார்ந்திருக்க, ஒரு பக்கம் கிடார் பையன், மறு பக்கம் ஒரு பெண். பையன் ஏதோ வாசிக்க, அக்காவின் முகத்தில் மரியாதைக்கு ஒரு சிரிப்பு. கண் மட்டும் தானாக மூடிக்கொண்டு போனது.

“நீங்க ரெண்டு பேரும் கீழ போங்க” என்றாள் உம்கொட்டி. அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம்.

“ஏங்க? இன்னிக்கு எங்க முறையாச்சே” என்றான் பையன், நிஜமான வருத்தத்தோடு.

“அவங்க தனியா இல்ல. தூங்க வர்றாங்க. தூங்கட்டும்.”

அவர்கள் போனார்கள். அக்கா கண்ணைத் திறந்து, “நீ அந்தப் பேப்பர்க்காரப் பொண்ணுதான?” என்றாள். “தூங்குங்க. எழுந்ததும் சொல்றேன்” என்றாள் உம்கொட்டி. இரண்டே நிமிஷத்தில் அக்காவின் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. உம்கொட்டி இரண்டு படி கீழே உட்கார்ந்து, மேலே வரப் பார்த்த ஒருவரைக் கை காட்டித் திருப்பி அனுப்பி, இருபத்தைந்து நிமிஷம் காவல் இருந்தாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை. சொல்லிப் பார்த்தால் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போனில் அலாரம் அடித்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சொல்லு” என்றாள்.

“அது யாருன்னு கேட்டீங்கல்ல. ஜாக்ரபி இல்ல. நான்தான். நான் யார்கிட்டயும் கேக்கல. எல்லாம் நானா எழுதினது.”

“அப்ப என் கிளாஸ் பேர எதுக்குப் போட்ட?”

“பட்டியல்ல அதுதான் மிச்சம் இருந்துச்சு.”

“மிச்சம் இருந்துச்சு” என்று அக்கா திருப்பிச் சொன்னாள். படியிலிருந்து எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். “மூணு வருஷம் கிடங்குல நின்னு, அதுக்கப்புறம் சேர்ந்த படிப்புடி இது. உனக்கு மிச்சம் இருந்துச்சா?” உம்கொட்டி அழுதாள். அக்கா அவளை அழ விட்டாள், சமாதானம் சொல்லவில்லை. பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு பார்சல் சீட்டை எடுத்து, பின்பக்கத்தில் விலாசம் எழுதினாள். “ரெண்டு வேல பண்ணு. பேப்பர்ல போடு. அது மேடத்துக்கும் கிளாசுக்கும் போதும். எங்கம்மாவுக்குப் போதாது. ஞாயித்துக்கிழம நீயே வீட்டுக்கு வந்து சொல்லு. நான் தூங்கிட்டிருப்பேன். நான் முழிச்சிட்டுப் பக்கத்துல இருந்தா, நான்தான் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன்னு நினைப்பாங்க.”

சாயங்காலம் கத்தரி வெள்ளிக்கிழமை இதழை அடுக்கிக்கொண்டிருந்தாள். உம்கொட்டி சொல்லி முடித்ததும், மூலையில் மிச்சமிருந்த பழைய கால்பந்துப் பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். “ஆறு இதழ். இருபத்துநாலு பேரு. ஒருத்தர்கூடவா நெஜம் இல்ல?”

“ஒருத்தர் நெஜம், அக்கா. க்யூ பத்திச் சொன்னவரு. அவருகிட்டயும் நான் கேக்கல, அவரா சொன்னாரு.”

கத்தரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. “அந்தப் பொண்ணு முன்னாடி உனக்காக நான் எவ்வளவு பெருமையா பேசினேன்!” என்றாள். குரல் உடைந்தது. திட்டியிருந்தால் உம்கொட்டி தாங்கிக்கொண்டிருப்பாள். இது திட்டைவிட மோசமாக இருந்தது. பிறகு கத்தரி எழுந்து கணினியில் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பகுதியை முழுக்கக் காலி செய்தாள். “தப்பு எங்க வந்துச்சோ திருத்தமும் அங்கதான் வரணும். அதே எடம், அதே எழுத்து. எழுது.”

உம்கொட்டி இரண்டு பக்கம் எழுதினாள். சின்ன வயசிலிருந்து தனக்கிருக்கும் கூச்சம், கேன்டீன் வாசல், குழாயைத் திறந்துவிட்டு அழுதது எல்லாவற்றையும் எழுதினாள். கத்தரி பேனாவை எடுத்தாள். “இது மன்னிப்பு இல்ல, உன் சோகக்கதை. படிக்கறவன் உனக்காகப் பாவப்படணுமா, அந்தப் பொண்ண நிம்மதியா தூங்க விடணுமா?” என்று கேட்டுக்கொண்டே வெட்டினாள். வெட்டி முடித்தபோது ஆறு வரி மிஞ்சியது:

‘சென்ற இதழில் இங்கே வந்த நான்கு பதில்களும் கற்பனை. அதற்கு முந்தைய ஐந்து இதழ்களில் வந்தவையும், ஒன்றைத் தவிர, கற்பனையே. யாரையும் சந்திக்காமல் நானே எழுதினேன். ஜாக்ரபி முதலாம் ஆண்டில் எவரும் அப்படிச் சொல்லவில்லை. இதனால் ஒரு மாணவிக்கு நேர்ந்த துன்பத்துக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். படிக்கட்டில் தனியாகச் சாப்பிடுவது நான்.’

கடைசி வரியின் மேல் கத்தரியின் பேனா நின்றது. “இது இல்லாமலே திருத்தம் முழுசாத்தான் இருக்கு. இது அச்சுல வந்துச்சுன்னா வெள்ளிக்கிழம எல்லாரும் உன்னப் பாப்பாங்க. எடுத்துடட்டுமா?”

உம்கொட்டி யோசித்தாள். “வேணாம், அக்கா. இருக்கட்டும். நானா எழுதினதுல அது ஒண்ணுதான் நெஜம்.”

கத்தரி பேனாவை மூடினாள். “நீ இனிமே இங்க இருக்கலாமா கூடாதான்னு நான் மட்டும் சொல்ல முடியாது. திங்கக்கிழம எல்லாரும் உக்காந்து பேசுவோம். நீயும் வரணும். வந்து உன் பக்கத்தச் சொல்லணும்.” திருத்தத்துக்குக் கீழே ‘முதலாம் ஆண்டு, கணிதம்’ என்று அவளே தட்டினாள்.

வெள்ளிக்கிழமை உம்கொட்டிக்கு நாள் முழுக்கக் காது சுட்டது. தாழ்வாரத்தில் பேச்சு நிற்கும், அவள் கடந்ததும் தொடங்கும். பொய்க்காரி என்று ஒருவன் அவள் காதுபடவே சொன்னான். அது சரியான வார்த்தைதான் என்று அவளுக்கும் தெரியும். ஜாக்ரபி மேடம் பத்திரிகை அறைக்கே வந்து கத்தரியிடம் விவரம் கேட்டுவிட்டுப் போனார். கிடார் பையன் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, “அப்ப திங்கக்கிழமலருந்து நாங்க உங்ககிட்ட வரட்டுமா?” என்று கேட்டான். முறைப் பட்டியல் கையில் அப்படியே இருந்தது. “கேட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ்” என்றாள் அவள். “வேணும்னா நானே வந்து கேக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனாள். மூன்றாவது மாடி, வரிசையில் கடைசிக் கதவு. தட்டினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அக்காவின் அம்மா கதவைத் திறந்தாள்.

“காலேஜ் பேப்பர்லருந்து வர்றேன், அம்மா.”

அம்மாவின் முகம் இறுகியது. “எழுதினது போதாதா? இன்னும் என்ன எழுதணும்?”

“எழுத வரல. எழுதினது பொய்னு சொல்ல வந்தேன்.”

கதவை மூடவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. உம்கொட்டி வாசலில் நின்றபடியே சொன்னாள். நடுவில் இரண்டு தடவை நின்று, மறுபடி தொடங்கினாள். பத்திரிகையை நீட்டினாள். அம்மா அதை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள்.

“அப்ப எம்பொண்ணு அங்க அழல?”

“இல்ல. தூங்கறாங்க. அதுக்குத்தான் அந்தப் படிக்குப் போறாங்க.”

“தூங்குதா?” அம்மாவின் குரல் மாறியது. “தூக்கம் போதுமாடின்னு தினமும் கேக்கறேன். போதும் போதும்னுதான் சொல்லுது. படில உக்காந்து தூங்கற அளவுக்கா?”

உம்கொட்டி ஒரு பொய்யை எடுக்க வந்து, அக்கா மறைத்து வைத்திருந்த ஒரு நிஜத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். இப்போது ஒரு உம் போதும். அதை அந்த அம்மா எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். நாக்கு நுனிவரை வந்தது.

“போதல, அம்மா” என்றாள். “அங்க அரை மணி நேரம் கெடைக்கும். அதையும் நான் கெடுத்துட்டேன். இனிமே யாரும் அவங்கள எழுப்ப மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு. அதனால தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லாதீங்க.”

அம்மாவின் கண் மறுபடி பத்திரிகைக்குப் போனது. விரல் கடைசி வரிக்கு வந்தது. “இது... நீயா?”

“நான்தான்.”

அந்த அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சுவரோரமாக நகர்ந்து வழி விட்டாள். ஒரே அறை. தரையில் விரித்த பாயில், நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல், பார்சல் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் ஒரு புத்தகம் கவிழ்த்து வைத்திருந்தது. திரை இல்லாத ஜன்னல் வழியாக வெயில் ஏறி வந்து அவள் கன்னத்தைத் தொட்டிருந்தது. தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்தாள்.

“மெதுவா வா. ரெண்டு மணிக்குத்தான் எழுப்பணும்” என்று அம்மா ரகசியமாகச் சொன்னாள். “நாளைக்கு ஏதோ பரீட்சையாம்.”

வெயில் அக்காவின் கண்ணிமைக்கு ஏறியது. அம்மா கையிலிருந்த பத்திரிகையை விரித்து, எக்கி, ஜன்னல் கம்பிக்கு நடுவே மேல் முனைகளைச் செருகினாள். அறையில் கொஞ்சம் நிழல் விழுந்தது. காற்று வந்து தாளின் கீழ்ப் பக்கத்தைத் தூக்கியது. வெயில் மறுபடி உள்ளே வந்தது. உம்கொட்டி பாயைத் தாண்டாமல் சுற்றிப் போய், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறு முனையை அம்மா பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். அக்காவின் முகச்சுளிப்பு மெல்லக் கலைந்தது.